கமலினியின் சுற்று

நோபிள் பார்க், மெல்பேர்ன்
2 மார்ச் 2024

அன்பின் தன்ஸீல் நானாவுக்கு,

கடிதத்தைக் கண்டதும் பயப்பட வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் இல்லை. உங்களைப் போனில் பிடிக்க முடியவில்லை, அதுதான். பிடித்தும் என்ன பயன்? போன கிழமை ஒருக்கால் எடுத்தீர்கள். "கிளப்பில நடந்ததைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேணும்" என்றேன். "ஓம் ஓம், நல்லம், சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மெசேஜ் போட்டால் பெருவிரல் படம் ஒன்று வருகிறது. ஆகவே முத்திரை ஒட்டி அனுப்புகிறேன்.

நடந்ததை நான் சொல்கிறேன், பிழை என்றால் திருத்துங்கள். நவம்பரில், எங்கள் ட்ரம்ஸ்காரர் கொலினின் எண்பதாவது பிறந்தநாள். கிளப் நிரம்பிய சனம். எங்கள் டூங்காபி ஸ்டொம்பர்ஸ் பான்டின் முன்வரிசையில் வழக்கம்போல் நடுவில் நீங்கள் ட்ரம்பெட்டுடன், உங்கள் இடப்பக்கம் நான் கிளாரினெட்டுடன், வலப்பக்கம் கிரஹாம் ட்ரம்போனுடன். அந்த மெதுவான ப்ளூஸ் பாட்டு. எல்லோரும் சேர்ந்து வாசித்து முடிந்ததும் ஆளுக்கொரு சுற்று, தனியாக. என் சுற்று வந்தது. நான் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நீங்கள் ட்ரம்பெட்டைத் தூக்கி என் மேலேயே வாசித்தீர்கள். அடுத்த பாட்டிலும் அப்படி. மூன்றாவது பாட்டிலும் அப்படியே செய்தபோது நான் மேடையை விட்டு இறங்கிப் போனேன்.

ஒருவருடைய சுற்றில் மற்றவர் வாய் வைக்கக் கூடாது. எங்கள் டிக்ஸிலாண்ட் ஜாஸ் இசையில் சுரம் எழுதிய தாளும் இல்லை, எழுத்தும் இல்லை, இருக்கிற ஒரே சட்டம் இதுதான். பான்டில் சேர்ந்த முதல் நாளே இதை எனக்குச் சொன்னவர் நீங்கள்.

ஜனவரியில் வேலை மாற்றம் கேட்டு மெல்பேர்னுக்கு வந்துவிட்டேன். "சிவமணியோட பிரிஞ்ச பிறகு சிட்னி அலுத்துப் போச்சு" என்று எல்லோருக்கும் சொன்னேன். அது பாதிதான் உண்மை.

இப்போது கிரஹாம் கேட்கிறான், ஜூன் லோங் வீக்கெண்டில் மலையில் நடக்கிற ஜாஸ் விழாவுக்கு வருவாயா என்று. அதே நாட்களுக்கு இங்கே ஒரு பான்டும் என்னைக் கேட்கிறது. ஏப்ரல் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று உங்கள் கையால் எழுதினால் வருவேன். இல்லாவிட்டால் நான் இனி மெல்பேர்ன் ஆள்.

கமலினி


நார்த்மீட், சிட்னி
14 மார்ச் 2024

அன்பின் கமலினி தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் எனக்கு மின்சார பில்லைத் தவிர வேறொன்றும் கொண்டுவருவதில்லை. கையெழுத்தைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. வாசித்ததும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

போனைப் பற்றிக் கோபிக்க வேண்டாம். இந்தக் காலத்துப் போன்கள் ஒன்றுக்கும் உதவாது. ஆட்களும் வாயைத் திறந்து கதைப்பதில்லை, மெல்லுகிறார்கள். போனில் தமிழ் எழுத எனக்கு வராது. இங்கிலீஷில் உங்களோடு சண்டை பிடிக்க மனமில்லை. கடிதம்தான் நல்லது.

நோன்பு தொடங்கிவிட்டது. என் மனுசி ஷம்லா மௌத்தாகிய பிறகு இது நாலாவது நோன்பு. நோன்பு திறக்கத் தனியாக ஒரு பேரீச்சம்பழத்தை முன்னால் வைத்துக்கொண்டு இருப்பது பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. முந்தாநாள் குசினியில் பெட்டிஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சீனத்து அன்ரி கதவை உடைக்கிற மாதிரித் தட்டினா. உள்ளே ஓடிவந்து, கதிரையில் ஏறி, கூரையிலிருந்த புகை அலாரத்தைக் கழற்றிக் கையில் தந்தா. அது பழுதாகிவிட்டது போல, ஒரு சத்தமும் போடவில்லை. அவ ஏன் காதைப் பொத்திக்கொண்டு வந்தா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பாதிப் பெட்டிஸைக் கொடுத்து அனுப்பினேன்.

பான்ட் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் ஸ்கௌட் ஹோலில் பயிற்சி. உங்கள் இடத்தில் இப்போது ஒரு வாத்தியார் வாசிக்கிறார். நல்ல மனிதர். ஆனால் சும்மா ஊதுகிறார், என்னிடம் ஒன்றும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. போன மாதம் கிளப் ராஃபிள் குலுக்கலில் இறைச்சித் தட்டு எனக்கு விழுந்தது. முழுக்கப் பன்றி. கொலினிடம் கொடுத்தேன். "தன்ஸீல், யூ ஆர் மை ஃபேவரிட் முஸ்லிம்" என்றான். அந்தக் கிழவனுக்கு வேறு முஸ்லிம் ஆட்களைத் தெரியாது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நான் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. எழுத மாட்டேன். எழுதினால் உங்களுக்குத்தான் வருத்தம். நானா உங்களுக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை என்று மட்டும் நம்புங்கள். ஜூனில் வாருங்கள்.

துஆவுடன்,
தன்ஸீல்


நோபிள் பார்க்
28 மார்ச் 2024

நானா,

"காரணம் இருக்கிறது, எழுத மாட்டேன்." இதை எழுதவா முத்திரைக்குச் செலவழித்தீர்கள்? வருத்தம் வரும் என்று நீங்கள் எனக்காகப் பயப்பட வேண்டாம். நான் விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று பின்னேரமே வேலைக்குப் போனவள்.

சரி, நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். இது நவம்பரில் தொடங்கியது இல்லை. இரண்டு வருஷமாக நடக்கிறது. ஒவ்வொரு பயிற்சியிலும் "மேல் சுரத்துக்குப் போகாதீங்க தங்கச்சி, கீழ வாசிங்க, கீழதான் உங்களுக்கு வடிவு" என்று சொன்னீர்கள். நானும் மரியாதைக்குக் கீழே வாசித்தேன். கிளாரினெட்டுக்கு மேல் பாதிதான் உயிர் என்று உங்களுக்குத் தெரியாதா? ட்ரம்பெட் பாட்டைச் சொல்ல, அதற்கு மேலே ஏறிப் பின்னுவதுதானே எங்கள் வேலை? பாதி வாத்தியத்தை என் கையிலிருந்து மெல்ல மெல்லப் பறித்தீர்கள். கொலினின் பிறந்தநாளில் நான் "இன்றைக்கு மேலே போவேன்" என்று முடிவெடுத்துப் போனேன். போனதும் மூடிவிட்டீர்கள். பெண்பிள்ளை தனக்கு மேலே ஏறி வாசிப்பது உங்களுக்குப் பொறுக்கவில்லை. கிரஹாமின் சுற்றில் ஒருநாளாவது வாய் வைத்தீர்களா?

உங்களைப் பற்றி இப்படி எழுத எனக்கு விருப்பமில்லை. சிவமணி என்னை விட்டுப் போன அந்தக் கிழமை எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். நீங்கள்தான் ஒரு சட்டி வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனீர்கள். அந்த மனிதர் எங்கே போனார் என்றுதான் கேட்கிறேன்.

இங்கே எனக்கு ஆட்கள் இல்லை. வேலை முடிந்து வந்தால் யூனிட்டில் நானும் ஃப்ரிட்ஜும்தான். சனிக்கிழமைகளில் கிளாரினெட்டை எடுக்கிறேன். எங்கள் பாட்டுகளில் என்னுடைய பங்கை வாசித்துப் பார்க்கிறேன். ட்ரம்பெட் இல்லாமல் அது ஒன்றுமே இல்லை, நானா. நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் மட்டும் வாசித்துக்கொண்டு இருக்கிறேன், கேள்வி இல்லாமல். பக்கத்து யூனிட்காரி "இட்ஸ் நைஸ், பட் வட் இஸ் த டியூன்?" என்று கேட்டாள். என்ன சொல்வது?

நாளை பெரிய வெள்ளி, நாலு நாள் லீவு. எனக்கு லீவே பிடிப்பதில்லை.

காரணத்தை எழுதுங்கள். வருத்தமோ என்னமோ, எனக்கு அது வேண்டும்.

கமலினி


நார்த்மீட்
13 ஏப்ரல் 2024

அன்பின் கமலினிக்கு,

பெருநாள் முடிந்துவிட்டது. தொழுகைக்குப் போனேன், நாலு பேரைக் கட்டிப்பிடித்தேன், வீட்டுக்கு வந்து படுத்தேன். பேர்த்திலிருந்து மகன் அஹ்மத் வீடியோவில் வந்தான். பேரப்பிள்ளை கமராவுக்கு முன்னால் நின்று ஏதோ பாடினாள். வாய் அசைந்தது. நான் கைதட்டினேன். "என்ன பாடினாள்?" என்று மகனிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன். பெண்பிள்ளை என்று நான் உங்களைக் கீழே தள்ளினேன் என்று எழுதிவிட்டீர்கள். இதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதன் இல்லை. சொல்லிவிடுகிறேன். கோபிக்காதீர்கள், அழாதீர்கள்.

நீங்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டீர்கள், தங்கச்சி.

உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். சிவமணி போன காலத்திலிருந்து தொடங்கியது. கீழே வாசிக்கும்போது நன்றாக இருக்கும். மேலே போனதும் உங்களுக்கு ஊற்று வற்றிவிடும். வாயில் கிளாரினெட் இருக்கும், விரல் ஓடும், ஒரு சத்தமும் வராது. துக்கம் ஆளை எப்படியெல்லாம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஷம்லா மௌத்தான வருஷம் நானும் ட்ரம்பெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊதாமல் இருந்திருக்கிறேன். அதனால்தான் கீழே வாசியுங்கள் என்று சொன்னேன். அங்கே உங்களுக்குச் சத்தம் வந்தது.

கொலினின் பிறந்தநாளில் நீங்கள் பிடிவாதமாக மேலே போனீர்கள். சனம் நிரம்பிய ஹோல். உங்கள் விரலைப் பார்த்தேன், ஓடுகிறது. சத்தம் இல்லை. நாலு பார் தாளம் பொறுத்தேன், வரும், வரும் என்று. வரவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் நீங்கள் ஊமையாக நிற்பதை எனக்குப் பார்க்க முடியவில்லை. உங்களுக்குத் தைரியம் வரட்டும் என்று சிரித்துவிட்டு, நான் வாசித்து மறைத்தேன். மூன்று தரமும் அதற்காகத்தான். அங்கே ஒருவரும் உங்களைக் குறை சொல்லவில்லை, கவனித்தீர்களா? நான் மறைத்துவிட்டேன்.

இதைச் சொல்லி உங்களை வெட்கப்படுத்தக் கூடாது என்றுதான் இவ்வளவு காலமும் சும்மா இருந்தேன். ஜூனில் வாருங்கள். சத்தம் வராவிட்டாலும் வாருங்கள். நானா பக்கத்தில் இருப்பேன்.

தன்ஸீல்


நோபிள் பார்க்
19 ஏப்ரல் 2024

அன்பின் நானா,

உங்கள் கடிதத்தை ரயிலில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. டண்டினோங் வரை போய்த் திரும்பி வந்தேன்.

முதலில் எனக்கு என்னைப் பற்றியே சந்தேகம் வந்தது. உண்மையில் நான் ஊமையாகத்தான் நின்றேனா என்று. கிரஹாமின் மனைவி அன்றைய நிகழ்ச்சியைப் போனில் எடுத்து வைத்திருந்தா. கேட்டு வாங்கினேன். மூன்று பாட்டையும் கேட்டேன், திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

நானா, நான் நிறுத்தவில்லை. ஒரு சுரம்கூட நிறுத்தவில்லை. மேலே ஏறி, மிகச் சத்தமாக, நான் வாழ்க்கையில் வாசித்ததில் நன்றாக வாசித்திருக்கிறேன். அதற்கு மேல் உங்கள் ட்ரம்பெட் வந்து விழுகிறது.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போனில் சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பேன். போனில் ஏன் சொல்ல முடியாது என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. உங்கள் அலாரம் பழுது இல்லை. அந்த அன்ரி காதைப் பொத்திக்கொண்டு வந்தது அது கத்தியதால். உங்கள் பேத்தி உண்மையாகவே பாடினாள். கீச்சென்ற மேல் சத்தங்கள் உங்களுக்குக் கேட்கவில்லை, நானா.

முந்தி அந்த இரும்புப் பட்டறையில் எத்தனை வருஷம் காதை மூட ஒன்றும் போடாமல் வேலை செய்தீர்கள் என்று நீங்களே சிரித்துச் சிரித்துச் சொன்னீர்களே. நாங்களும் கேட்டுச் சிரித்தோம். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் நின்று வாசித்த நான் கவனித்திருக்க வேண்டும். என் கோபம் என் கண்ணை மறைத்துவிட்டது. பெண்பிள்ளை என்று எழுதியதைத் திருப்பி எடுக்கிறேன். எழுதியது எழுதியதுதான், ஆனாலும் எடுக்கிறேன்.

காதைச் சோதித்துப் பாருங்கள். தனியாகப் போகப் பயம் என்றால் சொல்லுங்கள், நான் விமானம் ஏறி வருகிறேன். இங்கத்தைய பான்டுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கமலினி


நார்த்மீட்
11 மே 2024

அன்பின் கமலினிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கடும் கோபம் வந்தது. தன் பிழையை மறைக்க என்னைச் செவிடன் ஆக்குகிறாள் என்று நினைத்தேன். உடனே பதிலும் எழுதினேன். அனுப்பவில்லை. நீங்கள் அதை வாசிக்காதது நல்லது.

பிறகு தனியாகவே போனேன். பரமட்டாவில் ஒரு இடம். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் என்னை இருத்தி, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் தந்தாள் அந்தப் பிள்ளை. சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்துங்கள் என்றாள். முதலில் தடித்த சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். பிறகு ஒன்றும் இல்லை. அடுத்தது எப்போது தொடங்கும் என்று பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்துக்கொண்டே இருந்தேன். அவள் கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்றாள்.

கோடு போட்டுக் காட்டினாள். இடப்பக்கத்தில் நேராகப் போகிறது, நடுவில் சடாரென்று விழுகிறது. "இதுக்கு மேல என்ன இருக்கு?" என்று கேட்டேன். குருவிகள், சின்னப் பிள்ளைகளின் குரல், அலாரம், புல்லாங்குழல் என்று சொல்லிக்கொண்டு போனாள். கிளாரினெட் என்று அவள் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். மேல் பாதி என்றாள்.

காதுக் கருவி தந்திருக்கிறார்கள். ஆட்கள் கதைப்பது விளங்குகிறது. ஆனால் பயிற்சிக்குப் போட்டுக்கொண்டு போனால், கொலின் அடிக்கிற வெண்கலத் தட்டின் சத்தம் கண்ணாடி உடைவது போல இருக்கிறது, என் ட்ரம்பெட்டே எனக்குத் தகரமாகக் கேட்கிறது. கழற்றினால் உங்கள் இடத்தில் நிற்கிற வாத்தியார் மறைந்து போகிறார். பாவம், அந்த மனிதரும் மேலேதான் வாசிக்கிறார். அவர் ஒன்றும் சொல்லாத ஆள் என்று நான் எழுதினேன் அல்லவா.

தாள் வைத்து வாசிக்கிற பான்டென்றால் பரவாயில்லை, எண்ணி எண்ணி ஒப்பேற்றலாம். எங்கள் இசையில் மற்றவனைக் கேட்டுத்தான் அடுத்ததை வாசிக்க வேண்டும். கேட்காதவன் நடுவில் நின்றால் எல்லோரையும் மிதிப்பான். நான் மிதித்தேன். அதனால் கிரஹாமிடம் சொல்லிவிட்டேன். விழாவுக்குப் பென்ரித் பக்கத்திலிருந்து ஒரு ட்ரம்பெட்காரர் வருகிறார். நல்லாக வாசிப்பாராம். கிளாரினெட்டுக்கு அவர்கள் உங்களைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

பான்ட் ஆட்களுக்கு முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன். உங்களைத் தவிர ஒருவருக்கும் உண்மை தெரியாது. செவ்வாய்க்கிழமை வந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. போன செவ்வாய் காரை எடுத்துக்கொண்டு ஸ்கௌட் ஹோல் வரை போனேன். வெளியே இருந்தேன், உள்ளே போகவில்லை. ட்ரம்போன் கேட்டது.

ஒரு உதவி. அன்று நீங்கள் என்ன வாசித்தீர்கள்? அந்த ப்ளூஸில், என் சத்தம் வந்து விழும் முன்னால். வீடியோவை அனுப்ப வேண்டாம், அதிலும் எனக்குக் கேட்காது. எழுதி அனுப்புங்கள். சுரம் வேண்டாம், நான் தாள் பார்த்துப் படிக்கிற ஆள் இல்லை என்று தெரியும்தானே. சொல்லால் எழுதுங்கள்.

துஆவுடன்,
தன்ஸீல்


நோபிள் பார்க்
20 மே 2024

அன்பின் நானா,

"நிறுத்த வேண்டாம்" என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்தேன். உங்களுக்கு உண்மை தெரியும், எனக்கும் தெரியும், இனிப் பொய் சொல்லி உங்களை அந்த இடத்தில் நிறுத்தி வைக்க மாட்டேன். ஆனால் கிரஹாமுக்கும் கொலினுக்கும் முதுகுவலிக் கதை வேண்டாம். கொலினுக்கே ஒரு காது கேட்காது, நானா, அவன் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு உள்ளே போய்க் கதிரையில் இருங்கள்.

இனி நீங்கள் கேட்டது.

தொடக்கத்தில் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உங்கள் சுற்றை நீங்கள் எந்தச் சுரத்தில் விட்டீர்களோ, அதையே எடுத்தேன். கொஞ்ச நேரம் அதிலேயே நின்றேன், நீங்கள் சொன்னது எனக்கு விளங்கியது என்று காட்ட. பிறகு ஒரு படி இறங்கி, தடுமாறி விழப்போகிற மாதிரிப் போய், கடைசி நேரத்தில் பிடித்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்ததுதான். கிரஹாம் அந்தப் பக்கத்தில் சிரிப்பது வீடியோவில் கேட்கிறது.

பிறகு மேலே போனேன். சின்னச் சின்னச் சுரங்களாக, ஒன்றை ஒன்று துரத்துகிற மாதிரி, ஏறிக்கொண்டே போனேன். உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்து நெடுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் நடுங்கியது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டேன்.

துக்கத்தில் நான் ஊமையாகிவிட்டேன் என்று நினைத்தீர்கள். உண்மையும்தான், வாயால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வீடு எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று, இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டுப் பாதியைக் கொட்டுவது பற்றி, சிவமணி போனது நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதி எனக்கு வெட்கமாகவும் இருந்தது என்று, எல்லாவற்றையும் அங்கேதான் சொன்னேன், அந்த உச்சியில் நின்று. ஷம்லா அக்கா போன பிறகு ஒரு வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆள் அந்த மேடையில் நீங்கள் ஒருவர்தான். சனம் எல்லோருக்கும் கேட்டது. நான் உங்களுக்குத்தான் சொன்னேன்.

விழாவுக்கு வருகிறேன். கிரஹாமிடம் சொல்லிவிட்டேன். நீங்களும் மலைக்கு வாருங்கள், முன்வரிசையில் இருங்கள். காதுக் கருவி சரிப்படாவிட்டால் கழற்றிப் பொக்கெட்டில் போடுங்கள். என் சுற்று வரும்போது என் விரலைப் பாருங்கள். அது ஓடினால் சத்தம் வருகிறது, நானா. உங்களுக்குக் கேட்காவிட்டாலும் வருகிறது.

கமலினி